எட்டு வாரத்தில் மூன்று முறை பார்க்கும் பேராசிரியர் என்ன வழிகாட்டிவிடப் போகிறார்?

ஏப்ரல் 27 (பள்ளிபாளையத்திலிருந்து ஒரு தறிக்காரர் கேட்டது)

என் மகள் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கோடையில் எட்டு வாரம் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்யத் தேர்வாகியிருக்கிறாள். மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்துவதாம். பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் இதே போல் எங்கோ போய்வந்தவன். பேராசிரியரை மொத்தமே மூன்று முறைதான் பார்த்தேன், மற்ற நாளெல்லாம் குடுவை கழுவினேன் என்கிறான். எங்கள் வீட்டில் வெளியூரில் தங்கப்போகும் முதல் பெண் இவள். குடுவை கழுவுவதற்கு பெங்களூர் எதற்கு? நான்கு தறி வைத்து ஓட்டுகிறவன், எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 27, இரவு (இனி எல்லாம் என் பதில்கள்)

அனுப்புங்கள் அண்ணா. காரணத்தை நாளைக்குச் சொல்கிறேன், அடுப்பில் ரசம்.

ஏப்ரல் 28

முதலில் ஏமாற்று வேலையா என்ற பயம். இல்லை. சி.வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய அகாதெமி, டில்லியில் உள்ள தேசிய அகாதெமி, அலகாபாத்தில் உள்ளது, இந்த மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைத் திட்டம்தான் அது. மாணவர் பணம் கட்ட வேண்டியதில்லை. அவர்கள்தான் உதவித்தொகை கொடுக்கிறார்கள். "ஐயாயிரம் கட்டினால் ஆராய்ச்சிச் சான்றிதழ்" என்று செல்பேசியில் விளம்பரம் வந்தால் அதுதான் வேறு சரக்கு, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது குடுவை. உங்கள் தறிக்குப் பழக வரும் பையனை முதல் நாளே பாவு நூல் பிணைக்க விடுவீர்களா? தார்க்குச்சியில் நூல் சுற்றத்தானே வைப்பீர்கள். குடுவை சரியாகக் கழுவத் தெரியாதவரின் அளவீட்டை நான் நம்ப மாட்டேன். ஆனால் எட்டு வாரமும் கழுவ மட்டும் விட்டால் அது வேறு கதை. அந்தப் பையன் எதைக் கழுவினான் என்பதை விட, கழுவிய பிறகு என்ன செய்தான் என்று கேட்டுப்பாருங்கள்.

நான் யார் என்று சொல்லவில்லையே. ஈரோட்டுப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு கவுந்தப்பாடி. கோடையில் ஐந்தாறு மாணவர்களை வைத்துக்கொண்டு நானும் ஒரு சின்ன ஆராய்ச்சி நடத்துகிறேன். ஆகவே நான் சொல்வதில் பாதி தற்காப்பு.

ஏப்ரல் 28, சற்று நேரம் கழித்து

மூன்று முறை என்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இந்தத் திட்டத்தில் மாணவர் மட்டுமல்ல, ஆசிரியரும் போகலாம். 2012இல் நானே போனேன். வயது 34. நான்கு வயது மகனை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன், சொந்தக்காரர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. அங்கே என் வழிகாட்டியை எட்டு வாரத்தில் ஐந்து முறை பார்த்திருப்பேன். மனிதர் கடைசி நாள் வரை என்னை முந்தைய ஆண்டு வந்துபோனவரின் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார். திருத்திப் பார்த்தேன், பிறகு அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

ஆனால் ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் ஆய்வகக் குறிப்பேட்டை மேசையில் வைத்துவிட வேண்டும். திங்கட்கிழமை அது திரும்பி வரும்போது பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் சின்னச் சின்னக் கேள்விக்குறிகள் இருக்கும். வேறு ஒரு சொல் இருக்காது. எந்த எண்ணை நான் அரைமனதாக எழுதினேனோ, சரியாக அதன் பக்கத்தில் இருக்கும். என் பெயர் தெரியாதவருக்கு என் திருட்டு மட்டும் எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

தினமும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது ஓர் ஆராய்ச்சி மாணவி. என்னைவிட ஒன்பது வயது இளையவள். நான் அவளை "மேடம்" என்று கூப்பிட, அவள் என்னை "மேடம்" என்று கூப்பிட, ஒரே கூத்து. ஆகவே அண்ணா, உங்கள் மகள் பேராசிரியரை எத்தனை முறை பார்ப்பாள் என்று கவலைப்படாதீர்கள். அவள் எழுதுவதை யார் படிப்பார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 30

"அமெரிக்காவில் இதெல்லாம் எவ்வளவு அழகாக நடக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடக்கிறது. எம்.ஐ.டி.யில் இளநிலை மாணவர்களை ஆராய்ச்சியில் சேர்க்கும் திட்டம் 1969இலேயே வந்துவிட்டது. அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இதற்கென்றே பணம் ஒதுக்குகிறது. ஆனால் அந்தப் பணம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். பள்ளிபாளையத்துக்கு அதனால் என்ன?

மே 1

நம் ஊர்ப் பிள்ளைகளின் பிரச்சினை வேறு. செய்முறைத் தேர்வு அவர்களைக் கெடுத்துவைத்திருக்கிறது.

தரம்பார்த்தல், அதாவது நிறம் மாறும் வரை சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு அளப்பது, செய்தவர்களுக்குத் தெரியும். ப்யூரெட் என்ற அளவுக் குழாயில் அளவு மூன்று முறை எடுக்க வேண்டும், குறைந்தது இரண்டு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் மதிப்பெண் போகும். ஆகவே முதல் அளவீட்டை ஒழுங்காகச் செய்வார்கள், மற்ற இரண்டையும் பேனாவால் செய்வார்கள். உப்புப் பகுப்பாய்வு என்றால், முதல் அணியில் முடித்து வெளியே வருகிறவன் இரண்டாம் அணிக்காரன் காதில் உப்பின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவான். நானும் அப்படித்தான் தேர்ச்சி பெற்றேன். எனக்கு வந்தது ஸ்ட்ரான்சியம், சொன்னவள் இப்போது கோபிசெட்டிபாளையத்தில் துணிக்கடை வைத்திருக்கிறாள்.

இப்படி மூன்று ஆண்டு பழகிய பிள்ளையிடம் கோடையில் "விடை எனக்கும் தெரியாது, நீ கண்டுபிடி" என்றால் மிரண்டுபோகிறது. 2019இல் என் குழு எடுத்துக்கொண்டது கிணற்று நீரின் கடினத்தன்மை. ஈரோட்டிலிருந்து கொடுமுடி போகும் வழியில் காலிங்கராயன் வாய்க்கால் ஓரம் 24 கிணறுகள். 20 மி.லி. நீர், கடினத்தன்மையை அளக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசல், நிறம் ஒயின் சிவப்பிலிருந்து நீலம் ஆகும் வரை. ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவீடு. அந்தப் பக்கத்து மாணவி ஒருத்திதான் தண்ணீர் எடுத்துவந்தாள். கெட்டிக்காரி. அவள் கொடுத்த அட்டவணையைப் பார்த்தபோது கோவில் கோலம் போல இருந்தது. ஒரு கிணற்றுக்குச் செலவான கரைசல் மி.லி.யில் 14.2, 14.2, 14.2. அடுத்த கிணறு 14.0, 14.0, 14.0. கணக்கிட்டால் எல்லாக் கிணறும் லிட்டருக்கு 700 மில்லிகிராம் சுற்றியே. குடிநீருக்கு லிட்டருக்கு 200 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை குடிக்கலாம் என்பது தரநிலை. எல்லாமே அதற்கும் மேல். அறிக்கை எழுதி, கல்லூரி ஆண்டு மலரிலும் போட்டோம்.

ஒரு கிணறு பொய். அந்தப் பிள்ளை எண்ணை மாற்றி எழுதியிருந்தாள். இதைத்தான் சொல்கிறேன், ஒத்துவர வேண்டும் என்ற நோய்.

மே 2

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. அவள் ஆத்தா கண்டுபிடித்தார்.

அறிக்கை முடிந்த பிறகு அவர்கள் ஊர் நோம்பிக்கு, அதாவது கோவில் திருவிழாவுக்கு, அழைத்திருந்தாள். போனேன். சாப்பாடு பரிமாறும்போது, எந்தெந்தக் கிணறு பார்த்தீர்கள் என்று ஆத்தா கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தேன். வாய்க்காலை ஒட்டிய ஒரு கிணற்றைச் சொன்னதும் நிறுத்தினார். "அதுவா உப்பு? அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தானே கண்ணு எங்களுக்குப் பருப்பு வேகும். இந்தத் தெருவே அங்கேதான் சேந்தும்" என்றார்.

வேதியியல் படித்தவர்கள் யாராவது மறுப்பீர்களா? கால்சியம் மிகுந்த நீரில் துவரம்பருப்பு வேகாமல் கல்லாக நிற்கும். அந்த அம்மாவுக்கு ஈ.டி.டி.ஏ. தேவைப்படவில்லை. வாய்க்கால் கசிவு இறங்கும் கிணறு, கடினம் குறைவாக இருப்பதில் வியப்பும் இல்லை. எனக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. மாணவி தலை குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த கோடையில் மறுபடி அளப்போம் என்று நினைத்தேன், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, அவளும் படிப்பை முடித்துப் போய்விட்டாள்.

மே 4

நோம்பி என்றதும் நினைவு வருகிறது. கோடை ஆராய்ச்சிக்கு நம் பக்கத்தில் பெரிய எதிரி நிதிப் பற்றாக்குறை கிடையாது, நோம்பிதான். கம்பம் நட்டுவிட்டால் பையன் ஊரை விட்டு வர மாட்டான். மூன்றாம் வாரத்தில் என் ஆய்வகத்தில் நானும் காய்ச்சி வடித்த நீரும்தான் இருப்போம்.

மே 5

பெங்களூருக்குத்தான் போக வேண்டுமா, கோவையில் இல்லாததா என்கிறார் பொள்ளாச்சிக்காரர். நியாயம். 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம், மரபியலுக்கு வன ஆராய்ச்சி நிலையம், ஆனைகட்டியில் பறவை ஆராய்ச்சி, வேளாண் பல்கலைக்கழகம், எல்லாம் பஸ் தூரத்தில். எழுதிக் கேட்கலாம், கேட்காமல் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஆனால் எட்டு வாரத்துக்குள் அடங்கும் கேள்வியாகப் பார்த்துக் கேட்க வேண்டும். பார்பரும் வெங்கட்ராமனும் கோவையில் வெள்ளைக் கரும்பையும் தானாக முளைத்துக் கிடந்த காட்டுக் கரும்பையும் இணைத்து உருவாக்கிய கோ 205 வயலுக்கு வந்தது 1918இல். நிலையம் தொடங்கி ஆறு ஆண்டு. கோவையில் கரும்பு பூப்பது ஐப்பசி வாக்கில். மே மாதம் போய் "நான் இனக்கலப்பு செய்கிறேன்" என்று நின்றால் காவலாளிகூடச் சிரிப்பார்.

இதைவிடச் சிரிப்பு. வெளியூரிலிருந்து எங்கள் துறைக்கு வந்த ஒருவர், மே மாதத்தில் மாணவர்களிடம் ஈரோட்டு மஞ்சளின் பச்சை இலை கொண்டுவரச் சொன்னார், சாறு எடுத்துப் பார்ப்பதற்கு. தை, மாசியில் வெட்டி வேகவைத்து மஞ்சள் மண்டிக்குப் போய்விட்டது, அடுத்த நடவே வைகாசியில்தான். பிள்ளைகள் ஐந்து நாள் காடு காடாக அலைந்துவிட்டு, அவர் மனம் நோகக் கூடாது என்று கல்வாழை இலையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவரும் சாறு எடுத்தார்.

வழிகாட்டிக்கு ஊரின் விதைப்புப் பட்டம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மே 9

மே 1 அன்று நான் எழுதியதை யாரும் அப்படியே நம்ப வேண்டாம். விவரம் நாளை. இப்போது கை ஓடவில்லை.

மே 10

இந்தப் பேச்சு வந்ததால், 2019 குறிப்பேடுகளை எடுத்துப் பார்க்கலாம் என்று துறை அலமாரியைத் திறந்தேன். பல்லி முட்டையோடு கிடந்தது. அந்த மாணவியின் குறிப்பேடு. பதினேழாம் கிணறு.

முதலில் பேனாவால்: 5.1. அதன் கீழே: 5.2. அதன் கீழே: 5.1. பக்கத்தில் பென்சிலால் "மேடத்திடம் கேட்கவும்". அடுத்த நாள் தேதியில் மறுபடி மூன்று: 5.1, 5.1, 5.0. பிறகு ஆறு எண்ணுக்கும் மேல் ஒரே கோடு. அதற்கும் கீழே, வேறு பேனாவில், 14.2, 14.2, 14.2.

லிட்டருக்கு 255 மில்லிகிராம். ஆத்தாவின் பருப்பு.

சோம்பலில் பேனாவால் அளந்த பெண் இல்லை அவள். ஆறு முறை அளந்திருக்கிறாள். இந்தக் குறிப்பேட்டை நான் ஒருநாளும் திறக்கவே இல்லை என்பதுதான் விஷயம். தட்டச்சு செய்த அட்டவணையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 2012இல் பென்சில் கேள்விக்குறியைப் பார்த்து உருகியவள், ஏழு ஆண்டில் எப்படி ஆகிவிட்டாள் பாருங்கள்.

மே 10, இரவு

அந்த வாரம் நான் எங்கே இருந்தேன் என்று தேடிப்பார்த்தேன். விடைத்தாள் திருத்தும் முகாம். வெளியூர், ஒன்பது நாள், ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. அது முடிந்ததும் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டதால் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் வேலை. தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நோட்டீஸ் கட்டோடு ஊர் ஊராகப் போய், "தம்பி என்ன படிக்கப்போகிறான்?" என்று திண்ணையில் உட்கார வேண்டும். ஒரு வீட்டில் எருமைப் பால் காப்பி கொடுத்தார்கள், பையன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான்.

இதைச் சாக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் சாக்காகவும்தான் சொல்கிறேன். கோடைத் திட்டத்துக்கு மாணவருக்கு விடுமுறை, ஆசிரியருக்கு விடுமுறை கிடையாது. அட்டவணையில் "வழிகாட்டி" என்று பெயர் இருக்கும், ஆள் எங்கோ ஒரு திண்ணையில் இருப்பார்.

மே 13

அவளிடம் பேசினேன். இப்போது பெருந்துறையில் ஓர் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. இரண்டு குழந்தைகள். அழுவாள், நானும் அழுவேன் என்றெல்லாம் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். அவள் சிரித்தாள்.

"பதினேழாம் கிணறா? அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்தேனே மேடம். ஐந்து வருகிறது என்றேன். எங்காவது தவறியிருப்பாய், சரியாகச் செய் என்றீர்கள். பின்னால் ஒரே சத்தமாக இருந்தது. மறுநாளும் ஐந்துதான் வந்தது. இன்னொரு முறை போன் செய்தால் திட்டுவீர்கள் என்று பக்கத்துக் கிணற்று எண்ணை எழுதிவிட்டேன்."

திட்டியிருப்பேனா? திட்டியிருப்பேன்.

"அப்போதே ஆத்தாவிடம் சொன்னாயா?" என்றேன். சொன்னாளாம். "உங்கள் டீச்சரை ஒருநாள் சோறு உண்ண வரச் சொல், நான் பேசிக்கொள்கிறேன்" என்றாராம் ஆத்தா. ஆக அந்த நோம்பி அழைப்பே திட்டம்தான்! ஆறு ஆண்டாக எனக்குத் தெரியாது. தலை குனிந்து தண்ணீர் ஊற்றினாள் என்று மே 2 அன்று உருக்கமாக எழுதினேனே, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாளாம்.

மே 14

தறிக்கார அண்ணா, உங்கள் கேள்வியை எங்கோ விட்டுவிட்டேன். பயண நாள் நெருங்கியிருக்கும். இரண்டு காரியம் பாருங்கள். எட்டு வாரம் என்றால் ஜூலை வரை போகும், கல்லூரி ஜூனிலேயே திறந்துவிடும். 75 சதவீத வருகைப் பதிவில் இடிக்கும். துறைத்தலைவரிடம் இப்போதே ஓ.டி.க்கு (வெளியே போனாலும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதிக்கு) எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், வாய்வார்த்தை ஆகஸ்டில் மறந்துபோகும். இன்னொன்று, ஒரு தடித்த கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொடுங்கள், தாள் கிழிக்க முடியாத தையல் நோட்டு. அவளைப் போகவிடாமல் செய்யும் எண்ணம் இன்னும் இருந்தால், என் மாமியாரிடம் பேசுங்கள். எண் தருகிறேன். 2012இல் எல்லோரும் கூடாது என்றபோது "போய்விட்டு வா அம்மிணி, பையன் என்னோடுதானே தூங்குகிறான்" என்றவர் அவர்.

மே 15

நேற்றைய குறிப்பில் "எண் தருகிறேன்" என்றதை நான்கு பேர் நிஜம் என்று எடுத்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். மாமியாருக்கு வேறு வேலை இருக்கிறது.

மே 27

இந்த ஆண்டுக் குழு ஐந்து பேர். சேர்க்கை வேலைக்குக் காலையில் மட்டும் வருகிறேன், மாலை 3 மணிக்கு ஆய்வகத்தில் இருப்பேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். முதல்வருக்கு முகம் சரியில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து நோட்டும் என் வீட்டுக்கு வருகின்றன. பென்சில் வாங்கினேன். கேள்விக்குறி போடுவது அவ்வளவு எளிதாக இல்லை. முதல் வாரம் ஒரு பையனின் நோட்டில் பதினோரு கேள்விக்குறி போட்டேன். திங்கட்கிழமை அவன் வரவில்லை. நோம்பி என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை மொட்டையோடு வந்தான். நிஜமாகவே நோம்பிதான்.

ஜூன் 3

தறிக்காரர் எழுதியிருக்கிறார். மகள் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறதாம். பேராசிரியர் ஜெர்மனியில் இருக்கிறாராம். ஓர் ஆராய்ச்சி மாணவர் பார்த்துக்கொள்கிறார். முதல் வாரம் குடுவை கழுவினாள். "கழுவிய பிறகு என்ன செய்தாய் என்று கேட்டேன், காய வைத்தேன் என்கிறாள்" என்று எழுதியிருக்கிறார்.

அவளை இன்னும் ஒரு வாரம் விடுங்கள் அண்ணா. அந்த ஆராய்ச்சி மாணவரிடம் நோட்டை நீட்டச் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

ஜூன் 12

பதினேழாம் கிணற்றுக்குப் போய்வந்தோம். மொட்டைப் பையன்தான் அளந்தான். 11.6. மறுபடி 11.6. மூன்றாவது 11.7. லிட்டருக்கு 580. அவன் என்னைப் பார்த்தான், நான் ப்யூரெட்டைப் பார்த்தேன். எல்லோரிடமும் பருப்புக் கதையைப் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தேன். கரைசலை மாற்றினோம், அதோடு சேர்க்கும் தாங்கல் கரைசலை மாற்றினோம், நானே உட்கார்ந்து அளந்தேன். 11.6.

ஜூன் 14

பையன் நேற்று அவனாகவே வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்காரரைப் பார்க்கப் போயிருக்கிறான். மூன்று ஆண்டுக்கு முன் அங்கே 600 அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள். மின்சாரம் வரும் நேரத்தில் அந்தத் தண்ணீரை எடுத்துத் திறந்த கிணற்றில் விட்டுத் தேக்கி, அதிலிருந்து மஞ்சளுக்குப் பாய்ச்சுகிறார்கள். நம் பக்கத்தில் பாதித் தோட்டத்தில் இப்படித்தான், எனக்குத் தோன்றாமல் போனது. இப்போது ஆழ்துளைக் குழாய் நீரைத் தனியாகவும், ஒரு நாள் மோட்டாரை நிறுத்திவைத்துக் கிணற்று ஊற்றைத் தனியாகவும் அளக்க வேண்டும் என்கிறான். மோட்டாரை நிறுத்தத் தோட்டத்துக்காரர் சம்மதிப்பாரா என்பது அடுத்த வாரத்துப் பாடு.

ஆத்தா வீட்டிலும் எட்டிப்பார்த்திருக்கிறான். பருப்புக்கு இப்போது கேன் தண்ணீர் வாங்குகிறார்களாம், முப்பது ரூபாய்.